நான் கூட்டி எழுதிய ‘இல்லை’

எங்கள் வீட்டில் நான்தான் படித்தவள். கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு வைக்கும் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தேன். கரும்பு வெட்டுக்கு ஆலையிலிருந்து போனில் தகவல் வந்தால் படித்துச் சொல்வது நான். உர மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நான். “பெரியவகிட்ட காட்டு, அவ சொல்லுவா” என்று என் மாமியார் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிமிர்வு வரும். மாடு கறக்கத் தெரியாது, களை வெட்டினால் கை கொப்பளிக்கும். ஆனாலும் யாரும் என்னைக் குறைத்துப் பேசியதில்லை.

நான்கு வருடமாக அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் பயிற்சி வகுப்புக்குப் போவேன். வரலாறு எனக்கு ஏறாது. தமிழ் சுமார். ஆனால் உண்மை பொய்ப் புதிர்களில் என்னை அடிக்க அந்த வகுப்பில் ஆள் இல்லை. இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார், இவர்களில் ஒருவர் மட்டுமே உண்மை பேசுபவர் என்று கணக்கு வந்தால், வாத்தியார் எல்லாரையும் விட்டுவிட்டு என் பக்கம்தான் திரும்புவார். நான் எழுந்து போய்ப் பலகையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிசையாக உண்மை, பொய் என்று நிரப்பி விடையைக் கொண்டுவருவேன்.

அந்த வருடம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் தியாகதுருகத்துக்கு அந்தப் பக்கம். கூலி வேலைக்குப் போகிற குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி என்று ஒருத்தி வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். வேலையைப் பங்கு போட ஆள் வந்தாயிற்று, படிக்க நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அவள் வந்து ஒரு மாதம் இருக்கும். சமையல்கட்டில் அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் புத்தகமும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தேன்.

“இன்னாக்கா படிச்சிக்கினு இருக்கீங்க?” என்றாள்.

அவளுக்குப் புரியாது என்ற நினைப்பில்தான் சத்தமாகப் படித்தேன். மூன்று பேரில் ஒருவன் சைக்கிளைத் திருடிவிட்டான். முதல் ஆள், நான் எடுக்கவில்லை என்கிறான். இரண்டாம் ஆள், மூன்றாமவன்தான் எடுத்தான் என்கிறான். மூன்றாம் ஆள், இரண்டாமவன் சொல்வது பொய் என்கிறான். இந்த மூவரில் ஒருவன் பேச்சு மட்டுமே உண்மை. அப்படியானால் எடுத்தவன் யார்?

நான் கட்டம் போட ஆரம்பித்தேன். முதல் வரிசையை முடிப்பதற்குள் அவள் சொன்னாள், “மொதலாளு.”

“எப்படிச் சொல்ற? குருட்டாம்போக்கா சொல்லக்கூடாது.”

“குருட்டாம்போக்கு இல்லக்கா. ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் ஒருத்தனுக்கொருத்தன் எதிரா பேசறானுங்க. ரெண்டு பேருல எவனோ ஒருத்தன் நெஜம் சொல்லித்தான ஆவணும்? நெஜம் ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க. அது அங்கியே தீந்துபோச்சி. அப்ப மொதலாளு சொல்றது பொய்யி. எடுக்கலன்னு பொய் சொல்றான்னா எடுத்தது அவன்தான்.”

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். என் பென்சில் நோட்டின் மேல் அப்படியே நின்றது. விடை சரி. அதைவிட, அவள் வந்த வழி என் வழியை விட நன்றாக இருந்தது. கணிதம் படித்தவளுக்கு அது தெரியாமல் போகாது. நான் எட்டு வரிசை போட்டு வந்து சேரும் இடத்துக்கு அவள் ஒரு எட்டில் வந்துவிட்டாள்.

“யார் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டேன்.

“கடையில பொடவ கறை ஆயிடும்க்கா. யாரு பண்ணதுன்னு கேட்டா நாலு பொண்ணுங்க நாலு விதமா சொல்லும். ஓனரு என்னத்தான் கூப்புட்டு கேப்பாரு. கேட்டு கேட்டு பழகிப்போச்சி.”

அன்று ராத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை. பொறாமை என்று அப்போது அதற்குப் பேர் வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்றே சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் தினமும் கேட்க ஆரம்பித்தாள். “அக்கா, இன்னிக்கி ஒண்ணு சொல்லுங்க.” பால் கறந்துகொண்டே கணக்குப் போடுவாள், துணி உலர்த்திக்கொண்டே போடுவாள். பேப்பர் கேட்கமாட்டாள். சில கணக்குகள் அவளுக்கும் ஒரு நாள் பிடிக்கும். அப்போது எனக்கு உள்ளே குளிர்ந்திருக்கும். மறுநாள் காலை சாணி அள்ளிக்கொண்டே விடையைச் சொல்லிவிடுவாள்.

வீட்டில் இருப்பவர்களும் கவனித்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே, “இன்னா, சின்னவ உன்ன மிஞ்சிடுவா போலக்கீதே” என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். குழம்புக் கரண்டியை நான் வைத்த வேகத்தில் தட்டு ஆடியது. இன்னொரு நாள் ஆலையிலிருந்து தகவல் வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாமியார் போனை அவளிடம் நீட்டி, “இன்னான்னு பாரு சின்னவளே” என்றார். அவள் படித்துச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் கழனிப் பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பெரிய கணக்கு இருந்தது. ஐந்து பெண்கள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போனது ஒருத்தி. ஐந்து பேரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், இத்தனை பேர் சொல்வதுதான் உண்மை என்று கணக்கு முடியும். அதை ஒரு தாளில் எழுதினேன். எழுதும்போது ஐந்தாவது பெண் பேசுகிற வாக்கியத்தில் ஒரு ‘இல்லை’யைக் கூட்டிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையால் கணக்குக்கு விடையே இல்லாமல் போய்விடும். அது நிஜமாகவே இல்லாமல் போகிறதா என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கட்டம் போட்டு, ஐந்து பேரையும் ஒவ்வொருத்தியாகக் குற்றவாளியாக்கிச் சரிபார்த்தேன். அந்த வருடம் நான் அத்தனை கவனமாகப் போட்ட கணக்கு வேறு இல்லை.

தாளை அவளிடம் கொடுத்தேன். “இது கொஞ்சம் கஷ்டம். பாரு.”

முதல் நாள் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டாம் நாள் சாம்பாரில் உப்பு இல்லை. மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கும்போது நடுவில் கத்தியை நிறுத்திவிட்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். முதல் முறையாகப் பேப்பர் கேட்டாள். கொடுத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. “புத்திய எங்க வுட்டுட்டு வந்த?” என்று மாமியார் கத்தினார். எனக்கு அது காதுக்கு இதமாக இருந்தது. அந்த மூன்று நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

“அக்கா, இதுல தப்பு கிப்பு எதுனா இருக்குமா?”

“எனக்கு வந்துச்சே” என்றேன். “பொறுமையா பாரு. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடாது.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவள் மெதுவாகப் பேசியது முதலில் எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

“புஸ்தகத்த பாத்தன்க்கா.”

நான் துணியை அடித்துக்கொண்டே இருந்தேன்.

“அஞ்சு பேரையும் போட்டு பாத்துட்டேன். யாரு தெறந்து போட்டதுன்னு வச்சாலும் கணக்கு நிக்கல. அப்ப கணக்குலதான் தப்புன்னு தெரிஞ்சிச்சி. ராத்திரி நீங்க தூங்கனப்பறம் புஸ்தகத்த எடுத்து பாத்தேன். அஞ்சாவது பொண்ணு சொல்றதுல ஒரு ‘இல்லை’ ஜாஸ்தியா இருக்குது.” கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்தாள். “தெரியாம எழுதிட்டீங்களா, தெரிஞ்சே எழுதினீங்களா?”

தெரியாமல் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள், அல்லது நம்பியதாகக் காட்டியிருப்பாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, நான் எதைச் சொன்னாலும் அதை அங்கேயே பிரித்துப் போட்டுவிடுவாள் என்று தோன்றியது.

“தெரிஞ்சேதான்” என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். வீட்டில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையோடு அப்படியே தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரித்தாள்.

“அப்பாடா. நான் எனக்கு மூள மழுங்கிப்போச்சின்னு பயந்துட்டன்க்கா. எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி அதோடு தீர்ந்திருக்கும். அவள் புடவையையும் வாங்கி நான் அலசினேன். அவள் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து வேறொன்று கேட்டாள். “குரூப் ஃபோருக்கு பத்தாவது இருந்தா போதுமாமே. நானும் போடட்டுமாக்கா?” நானேதான் அவளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டேன். பெயர், பிறந்த தேதி, சான்றிதழ் எண் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு அவளையே கூப்பிட்டு இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம். அவளுக்கு இலக்கணம் நான் சொல்லிக்கொடுத்தேன். கட்டம் போடாமல் புதிர் போடுவதற்கு அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். வரலாறு அவளுக்குக் கதை மாதிரி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அது உள்ளே அசையும். சின்னசேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் தேர்வு மையம். ஒரே பஸ்ஸில் போய், ஒரே டப்பாவில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

முடிவு வந்த அன்று முதலில் என் எண்ணைத்தான் போட்டுப் பார்த்தேன். வேலை கிடைக்கிற தூரத்தில் நான் இல்லை. பிறகு அவள் எண்ணைப் போட்டேன். அவள் இருந்தாள். நல்ல இடத்திலேயே இருந்தாள். சமையல்கட்டுக்குப் போய், “வந்துடுச்சிடி உனக்கு” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவள், “உங்களுக்குக்கா?” என்றாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவளுக்குக் கல்வராயன் மலை மேல் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. சேருகிற அன்று கொழுந்தனுக்குக் கரும்பு வெட்டு. “நீ கூட போயி வுட்டுட்டு வாம்மா” என்று மாமியார் என்னைத்தான் அனுப்பினார். எங்கள் ஊர் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். அவள் இஸ்திரி போட்ட புடவை கசங்காமல் விளிம்பில் உட்கார்ந்து வந்தாள். அலுவலகத்துக்குள் அவள் போன பிறகு வெளியே ஒரு பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். கையில் அவள் சான்றிதழ் நகல்கள் வைத்த ஃபைல் இருந்தது.

மலைக்காரப் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், ஒரு மனுவோடு வந்தாள். ஃபைலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“புதுசா வந்த மேடம் நீங்கதானுங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் மனுவை இரண்டு கையாலும் கொடுத்தாள். சாதிச் சான்றிதழுக்கு மூன்று முறை நடந்துவிட்டதாகச் சொன்னாள். நான் படித்துப் பார்த்தேன். ஊர்ப் பெயருக்குக் கீழே ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. போடச் சொன்னேன். போட்டாள். கும்பிட்டாள். அந்த இரண்டு நிமிடமும் நான் மேடமாகத்தான் இருந்தேன். நன்றாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அப்போது என் ஓரகத்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மலைக்காரப் பெண் அவளிடம், “நான் மேடங்கிட்ட குடுத்துட்டேனுங்க” என்று என்னைக் காட்டினாள்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. மனுவை நீட்டினேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணிடம், “சரியா இருக்குதுங்க. உள்ள வாங்க, பதிவு பண்ணிடலாம்” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது வளைவுகளில் அவளுக்குக் குமட்டியது. ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்தாள்.

“தினம் இந்த பஸ்ஸுலதான் வரணுமாக்கா?” என்றாள்.

“பழகிடும்” என்றேன். “நாளைக்கி எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு போ.”

அவள் தூங்கிவிட்டாள். மடியில் இருந்த அவள் நியமன உத்தரவை மடிப்பு விழாமல் ஃபைலுக்குள் வைத்தேன். வைப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்தேன். அவள் பெயர் இருந்த வரியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன். எங்கள் ஊர் நெருங்கி, கோமுகி அணை தெரிந்ததும் அவளை எழுப்பினேன்.