மூன்றில் எது

பலகையில் மூன்றாவது காரணத்தை எழுத அவள் கையைத் தூக்கியபோது கதவு திறந்தது. பிந்தி வந்த தேர்வாளர் ஒருவர் முதுகை வளைத்தபடியே உள்ளே வந்து, குழுத் தலைவருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அவள் கையிலிருந்த பேனா பலகையில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது.

எதிர்மேசை.

அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், அவளுடைய துறையில், அவளுடைய அறையிலேயே பதினொரு வருடமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர். கணவனிடம் பேசும்போது அவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர்தான் எதிர்மேசை. அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லி அவர் லீவு போட்டிருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லி அவள் போட்டிருந்தாள். இப்போது இருவரும் ஓர் இரவு ரயில் தள்ளியிருக்கும் ஊரில், வேறொரு பல்கலைக்கழகத்தின் நேர்முகத் தேர்வு அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்தவள் அவள். ஆள் எடுக்க வந்தவர் அவர்.

“நிறுத்திட்டீங்களே, சொல்லுங்க மேடம்,” என்றார் தலைவர்.

சொன்னாள். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் தேர்வுக் குழுவை மாணவர்களாக நினைத்துக் கொஞ்ச நேரம் பாடம் நடத்த வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அவள் எடுத்துக்கொண்டது, மனிதர்கள் ஏன் ஒரே வேலையில் இருந்துவிடுகிறார்கள் என்ற பாடம். பிடித்திருப்பதால் இருப்பவர்கள் ஒரு வகை. விட்டால் நஷ்டம், வேறு போக்கிடம் இல்லை என்று இருப்பவர்கள் இன்னொரு வகை. விட்டுவிட்டுப் போவது நன்றிகெட்டதனம் என்று நினைத்து இருப்பவர்கள் மூன்றாவது. மேலாண்மைத் துறையில் இருபது வருடமாக நடத்துகிற பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதனால் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. மனசு எதிர்மேசையைச் சுற்றி வந்தது. இவர் எப்படி இங்கே? யார் அனுப்பினார்கள்? துறைத் தலைவருக்குத் தெரியுமா?

பாடம் முடிந்ததும் தலைவர் அறிமுகம் செய்தார்.

“சார் வெளியிலிருந்து நிபுணரா வந்திருக்கார். உங்க பல்கலைக்கழகம்தான். தெரிஞ்சிருக்குமே?”

அவள் வாயைத் திறப்பதற்குள் எதிர்மேசை முந்திக்கொண்டார். “பார்த்திருக்கேன்.”

பார்த்திருக்கிறாராம். ஒரே மின்விசிறியின் கீழே பதினொரு வருடம். அவர் ஆரஞ்சு உரித்தால் வாசனை இவள் புடவையில் ஏறும். இவளுக்குத் தும்மல் வந்தால் அவர் ஜன்னலைச் சாத்துவார். எதற்காக மறைக்கிறார்? மறைக்கிறவன் ஏதோ திட்டத்தோடுதான் மறைக்கிறான் என்பது அவள் முடிவு.

அவளை மாணவர்கள் சிசிடிவி என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். கடைசி பெஞ்சில் உதடு அசைந்தாலும் பிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். ஆனால் பார்வை அப்படி ஆனது வகுப்பறையில் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அன்றைய துறைத் தலைவர் வாயாரப் புகழ்ந்து அவளுடைய ஆய்வுக் கட்டுரையை வாங்கிக்கொண்டு போனார். அது அச்சில் வந்தபோது அவருடைய பெயர் மேலே இருந்தது. அவளுடைய பெயர், உதவிக்கு நன்றி என்ற வரியில் தட்டச்சு செய்தவரின் பெயருக்கு அடுத்ததாக இருந்தது. அவள் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து யாராவது நல்ல வார்த்தை சொன்னால், அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். எதிர்மேசை ஒருமுறை, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்று ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார். போய் உட்கார்ந்த பிறகு ஒரு மாதம் மேலே ஒழுகுகிறதா, சுவரில் கரையான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் இல்லை. எதுவும் இல்லாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

கணவன் இந்த ஊரில்தான் இருக்கிறான். துறைமுகத்தில் லாரி எடை போடும் அலுவலகத்தில் வேலை. கல்யாணமான கையோடு இவளுக்கு அங்கே வேலை கிடைத்தது. இரண்டு வருடத்தில் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பதவி உயர்வு வந்ததும், பிறகு மகளுக்குப் பள்ளி முடிந்ததும் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரும் அப்பாவை மகள் சின்ன வயதில் வாரப்பத்திரிகை என்று கூப்பிடுவாள். இப்போது அவளும் வெளியூரில் படிக்கிறாள். இந்த வேலை கிடைத்தால் மிச்சமிருக்கிற காலத்தை ஒரே வீட்டில் கழிக்கலாம். இவளுடைய வயதுக்கு இதுபோல இன்னொரு இடம் திறக்காது. கணவன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்து, வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தான்.

“நல்லா நடத்தினீங்க,” என்றார் தலைவர். “ஒண்ணு கேட்கலாமா? இத்தனை வருஷமா ஒரே இடத்துல இருந்திருக்கீங்க. நீங்க சொன்ன மூணுல நீங்க எது?”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பதிலையும் தயார் செய்து வைத்திருந்தாள். இரண்டாவது வகையாகத்தான் இருந்தேன், குடும்பம் இங்கே இருக்கிறது, இனி இங்கே வந்து முதல் வகையாக இருக்க ஆசைப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததும் உண்டு.

எதிர்மேசை பேனாவின் மூடியைக் கழற்றினார். காகிதத்தின் மேல் பிடித்தபடி அவளையே பார்த்தார்.

“முதல் வகை,” என்றாள். “எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு.”

தலைவரின் புருவம் ஏறியது. அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எதிர்மேசை எதையாவது கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. நூலகத்தைப் பாராட்டினாள். அங்கே மழைக்காலத்தில் புத்தகங்களுக்கு மேல் தார்ப்பாய் போடுவார்கள். துறைத் தலைவர் தங்கமான மனிதர் என்றாள். பதவி உயர்வுப் பட்டியல் போகும்போதெல்லாம், உங்களை மறந்தே போச்சும்மா என்று தலையில் கைவைத்துக்கொள்கிறவர் அவர். பிறகு மாணவர்களைப் பற்றிச் சொன்னாள். முதல் வருடம் வாயே திறக்காதவன் கடைசி வருடத்தில் எழுந்து நின்று, நீங்க சொல்றது தப்பு மேடம் என்பதை விவரித்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாக இளகியது. இது நடிப்பில் சேர்த்தியா இல்லையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. தன்மேலேயே சந்தேகம் வந்து பேச்சை நிறுத்தினாள்.

“அப்ப இங்க ஏன் விண்ணப்பம் போட்டீங்க?”

“ஒரு அனுபவத்துக்காக.”

எதிர்மேசை இருமினார். தலைவர் அடுத்தவரை வரச் சொல்லும்படி மணியை அடித்தார்.

சான்றிதழ் சரிபார்ப்பெல்லாம் முடிந்து நாலு மணிவாக்கில் வாசலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தபோது எதிர்மேசை சாலையைக் கடந்து வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு பெஞ்சு நீளம் தள்ளி உட்கார்ந்தார்.

“பல் எப்படி இருக்கு மேடம்?”

“வலி போயிருச்சு. அம்மா கண்ணு?”

“அவங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இன்னைக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நிபுணரா போறதை வெளிய சொல்லக் கூடாது. அதான் அம்மா கண்ணு. நீங்க ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?”

“எப்படி?”

“வேலை கேட்டு வந்த இடத்துல நின்னுக்கிட்டு, பழைய இடத்தை விட்டு வர மனசே இல்லைன்னா?”

“நீங்க ஏன் பார்த்திருக்கேன்னு சொன்னீங்க?”

“ஒரே ரூம்னு சொல்லிருந்தா, ஆகாதுன்னு என்னை எழுப்பி வெளிய அனுப்பிருப்பாங்க. மத்த ரெண்டு பேர் மனசுல வேற ஆள் இருந்துச்சு. நான் உள்ள இருந்தா உங்களுக்காகப் பேச ஒரு வாயாவது இருக்குமேன்னு பார்த்தேன்.”

“பேசினீங்களா?”

“பேசினேன். அவங்களே வரமாட்டேங்குறாங்க, நீங்க எதுக்கு சார் இழுக்குறீங்கன்னார் தலைவர். நான் என்னத்தைச் சொல்ல? அந்த வேற ஆளுக்கே போயிருச்சு. இதையும் நான் சொல்லக் கூடாது.”

அவள் அவர் முகத்தை ஆராய்ந்தாள். பேசியதற்குச் சாட்சி இல்லை. மற்ற இருவர் மனதில் என்ன இருந்தது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிகிறது. அந்த வேறு ஆள் இவருடைய ஆளாகவே இருக்கலாம்.

“என் பேரைப் பார்த்ததுமே ஒரு போன் பண்ணிருக்கலாமே.”

“காலையில உள்ள வந்து லிஸ்ட்டைப் பார்த்ததும் வெளிய போய் நம்பரை எடுத்தேன். அதனாலதான் லேட்டு. அப்புறம் யோசிச்சேன். பயப்படாம பேசுங்க, நான் உங்க பக்கம்னு சொன்னா நீங்க நம்பிருப்பீங்களா?”

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

“அதான்,” என்றார் எதிர்மேசை. எழுந்தார். “ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீங்க நிம்மதியா இருங்க.”

சொல்ல மாட்டாதவர் சொல்ல மாட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று யோசித்தபடியே அவள் பஸ்ஸில் ஏறினாள்.

கணவன் அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டிலும் ஒரு நாற்காலியும் போட்டால் நிரம்பிவிடும் அறை. நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்மேசை கதவைத் திறந்து வந்த இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

“ஏம்மா, உள்ளதைச் சொல்லிருந்தா என்ன?”

“அவர் போய் ஹெட்கிட்ட வத்தி வெச்சிருப்பார்.”

“வெக்கட்டும். இங்க வேலை கிடைச்சிருந்தா அந்த ஹெட் உனக்கு யாரு? அவன் உன்னை என்ன பண்ண முடியும்?”

காலையிலிருந்து ஆயிரத்தெட்டு யோசித்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. அந்த அறையில் நின்றபோது, திரும்பிப் போய் அந்த மேசைக்கு எதிரே உட்காரப் போகிறவளாகத்தான் தன்னை நினைத்திருந்தாள். வேறு மாதிரி ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

“பயந்துட்டேன்,” என்றாள்.

“சரி விடு.”

தேய்ப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். சட்டையை உதறி மாட்டினான். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தான். அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம் என்று பட்டது. இத்தனை வருடம் தனியாக இருந்து பழகியவன்.

“உங்களுக்கும் இது ஒரு வகையில நிம்மதிதான், இல்லையா?”

அவன் திரும்பிப் பார்த்தான். முகம் சுண்டிப் போயிருந்தது.

“உன்னோட மூணு வகையில என்னையும் ஒண்ணுல போட்டுட்டியா?” என்றான். “சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரேன்.”

படியில் அவன் காலடி இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரயிலுக்கு நேரம் இருந்தது.

மறுநாள் காலை ரயில் நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு இரண்டாவது பாடவேளை வகுப்புக்குப் போனாள். சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிய பாடம். பாதியில் மின்சாரம் போய் வந்தது. வகுப்பு முடிந்து அறைக்குப் போனபோது எதிர்மேசை ஏற்கெனவே வந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். குட் மார்னிங் என்றார். இவளும் சொன்னாள். மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டு, அடுத்த வருடமும் தேர்வு வேலைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு ஏதும் தெரியுமா என்று முகத்தில் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. சரி என்றாள். சாயங்காலம் மழை வந்தது. நூலகத்தில் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் வரத் தாமதமானது. வீட்டில் கொடித் துணியெல்லாம் நனைந்திருந்தது. பிழிந்து உள்ளே போட்டாள்.