ஆறு போட்டோ, ஒரு தையல் மிஷின்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் கூடினால் கடைசியில் நின்று தலையாட்டுகிற ஆள். உங்களுக்கு வேறு உருப்படியான வேலை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

போன வாரம் பூந்தமல்லியில் பை தைக்கிற கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். என் பையில் ஜிப் போய்விட்டது. கடைக்காரர் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி, வழிந்ததைத் துணியால் துடைத்தார். நான் லேத் பட்டறையில் எண்ணெயிலேயே ஊறினவன். ஆனால் அது கருகல் நாற்றம். தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசு. மண்ணெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு வாசனை. அது மூக்கில் ஏறியதும் என் தங்கை வசந்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. தைத்ததைச் சரிபார்க்காமலே கிளம்பினேன். வீட்டில் வந்து பார்த்தால் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறார். அது கிடக்கட்டும்.

வசந்தா கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்த காலம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே சட்டைகளில் தொங்கும் நூலை வெட்ட வேண்டும். சாயங்காலம் அவள் கால் பூசணி மாதிரி வீங்கியிருக்கும். நன்றாகத் தைப்பாள். சொந்தமாக ஒரு மிஷின் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு சேவைச் சங்கம் இருந்தது. மருந்துக்கடைக்காரர், அச்சகக்காரர், இரண்டு பட்டறை முதலாளிகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்துக்கடை மாடியில் கூடுவார்கள். நான் உறுப்பினர் இல்லை. நாற்காலி போட என் முதலாளி என்னை அனுப்புவார். எழுத்து கொஞ்சம் முத்துமுத்தாக இருக்கும் என்பதால் பெயர் எழுதுகிற வேலையும் என்னிடம் வந்தது. எனக்கும் ஒரு டீ உண்டு. அந்த டீக்காகவும் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் மருந்துக்கடை சம்பந்தம் சார். தங்கமான மனிதர். வேகாத வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி நன்கொடை கேட்பார். பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை போட்டது அவர்தான். குடையின் நிழலைவிட அதன் மேலே இருந்த பெயர்ப்பலகையின் நிழல் பெரிது. அதில் தப்பில்லை, பலகையில் பெயர் வரும் என்றால்தான் கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். கொடுத்ததைப் போட்டோ எடுத்து, சங்கத்தின் மாதப் பத்திரிகையில் போட்டு, ஒவ்வொரு கடைக்கும் நேரில் கொண்டுபோய்க் காட்டுவார்கள். சங்கத்தின் வழக்கம் அது.

அந்த வருஷம் ஆறு ஏழைப் பெண்களுக்குக் கால் மிஷின் கொடுப்பது என்று முடிவானது. பட்டியலை எழுதியது நான். முதல் பெயராக வசந்தாவை எழுதினேன். முதலில் இருந்தால் முதலில் கிடைக்கும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தந்திரம் அதுதான். விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவள் கம்பெனி வேலையை விட்டாள். சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நாளைலேர்ந்து நானே மொதலாளி, நீ வேணா வா, காஜா எடுக்கற வேல தரேன்னேன்" என்று சிரித்தாள்.

மிஷினுக்குப் பணம் திரட்ட வைத்த பாட்டுக் கச்சேரி மழையில் நனைந்து, வசூல் இல்லாமல் போயிருந்தது. ஞாயிறு காலை கல்யாண மண்டபத்துக்குப் போனால் ஒரே ஒரு மிஷின் நிற்கிறது.

"மீதி அஞ்சு?" என்றேன்.

சம்பந்தம் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பணம் தரேன்னவனுங்க கடசி நேரத்துல கைய விரிச்சிட்டானுங்கப்பா. அட்த்த வாரம் வந்துடும், நான் கீறேன் இல்ல? சீஃப் கெஸ்டு வந்துகினு கீறாரு. இப்ப நிறுத்தினா மானம் பூடும். இத்தையே சுத்தி வா."

சுற்றி வருவது என்றால் இதுதான். நானும் மைக்செட்காரரும் மிஷினை மேடையின் இடது பக்கமாகத் தூக்கிவர வேண்டும். பெயர் படித்து, கை குலுக்கி, போட்டோ எடுத்ததும் வலது பக்கமாக இறக்கி, பின்னால் கட்டியிருந்த பேனர் மறைவில் ஓடி, மறுபடி இடது பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் மிஷினில் ஒட்டியிருந்த பழைய பெயர்த்தாளின் மேல் புதிய பெயர்த்தாளை ஒட்டுவேன். முதலில் வசந்தா. கை கூப்பி, மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினாள். அதன்பின் அவள் பெயர் அடியில் போய்விட்டது. நாலாவது சுற்றில் மைக்செட்காரர், "இன்னா மாமே, மெய்யாலுமே ஆறு தூக்கின மாரி கீது" என்றார். என் இடுப்பும் அதையே சொன்னது.

ஆறாவது பெயர் மல்லிகா. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்தவர். போட்டோ எடுத்ததும் நாங்கள் தூக்கப் போனோம். அவர் மேடையிலேயே உட்கார்ந்து, மிஷின் காலைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா நைனா, எங்க இஸ்துகினு போறீங்க? பின்னாடி குந்திகினு பாத்துகினுதான் இருந்தேன். ஒரே மிஷினு ஊர்வலம் போவுது. கையெயுத்து வாங்கிக்கினீங்க, போட்டோ புட்ச்சிக்கினீங்க. உடமாட்டேன். இது என்து."

மைக்கில் எதுவும் விழவில்லை. மல்லிகா நன்றியில் உருகிவிட்டார் என்று நினைத்துச் சிறப்பு விருந்தினர் அவர் தலையில் கை வைத்தார். மண்டபம் கைதட்டியது. அன்றைக்கு எடுத்ததில் நல்ல போட்டோ அதுதான்.

"உடுப்பா, எட்துகினு போவட்டும்" என்றார் சம்பந்தம் சார், மெதுவாக.

கீழே வசந்தா என் சட்டையைப் பிடித்தாள். "ண்ணா, என் மிஷினு எங்க?"

"அடுத்த வாரம் ஊட்டாண்டயே வந்துடும்."

"ஆறும் கீதுல்ல? நீ பாத்தல்ல?"

பார்த்தேன் என்றேன்.

மீதி ஐந்து வரவே இல்லை. அந்த மாதப் பத்திரிகையில் ஆறு போட்டோவும் வந்தன. வழக்கப்படி சம்பந்தம் சாரே அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு அதே கடைகளில் போய் மறுபடி மிஷினுக்கு நன்கொடை கேட்டார். "அதான் ஆறும் குட்த்தாச்சே சார், போட்டோ பாத்தோமே" என்றார்கள். ஒருவர்கூட மோசமாகப் பேசவில்லை. பாராட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நானும் கூடவே போனேன், நானும் சொல்லவில்லை. மல்லிகாவிடம் இருந்த தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே மிஷினை வசந்தாவிடமிருந்து தூக்கியிருக்க மாட்டேன்.

இப்போது அந்தச் சங்கம் இல்லை. மருந்துக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. சம்பந்தம் சார் வானகரத்தில் மகன் வீட்டில் இருந்து, அங்கேயே போய்விட்டார். ரோட்டை அகலப்படுத்தியதில் நிழற்குடை போனது. மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். வசந்தாவும் இல்லை. அன்றைக்கு மண்டபத்தில் கேட்டதோடு சரி, கடைசிவரை அவள் என்னை மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்து, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, அவள் கம்பெனி வாசலில் போய் நின்றாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டிருந்தார்கள்.