மீசை போன காரணம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மீசைதான் அடையாளம். எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் "மீசைய கூப்பிடு" என்பார்கள். அப்பேர்ப்பட்ட மீசையை ஒருநாள் மழமழவென்று மழித்துவிட்டு வந்து நின்றார் மனுஷன். கேட்டால், கிரீஸ் ஒட்டுகிறதாம். இத்தனை வருஷம் ஒட்டாத கிரீஸ்! மீசை போனாலும் மீசைக்காரர் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

உண்மைக் காரணம் வேறு. மகளுக்கு முட்டை ஆகாது என்று ஒன்றரை வயதில் தெரிந்ததுமே மனைவி வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இவரும் தலையைத் தலையை ஆட்டினார். ஆனால் பாழாய்ப்போன நாக்கு கேட்கவில்லையே. ஒரு சாயங்காலம் ரோட்டோரக் கடையில் ஆம்லெட்டை வெளுத்துக்கட்டிவிட்டு, வாயைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு வந்து, ஓடிவந்த பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கன்னம் தடித்துச் சிவந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. இருவரும் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "எங்க அக்கா குடுத்த பவுடர்தான்" என்று மனைவி தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். போனிலேயே அக்காவின் முகத்தில் அடித்தாற்போலப் பேசினாள். அத்தோடு அக்கா வருவதும் நின்றது. இவர் வாயைத் திறக்க வேண்டுமே! கல்லுளிமங்கன்.

மறுநாள் மீசையை எடுத்தார். முட்டையையும் அன்றோடு விட்டார். இருந்தும் பிள்ளையின் கிட்டே போக மனம் துணியவில்லை. "அப்பா" என்று ஓடிவந்தால் ஒரு கையால் நிறுத்தி, தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

பிள்ளைக்கு ஆறு வயதானது. புது ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து வேகவைத்த முட்டையைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்த்தார். மதியம்வரை தடிப்பும் இல்லை, வீக்கமும் இல்லை.

"எல்லாருக்கும் போயிடும்னு சொல்ல முடியாது. ஆனா நிறைய குழந்தைங்களுக்கு வளர வளர முட்டை ஒத்துக்கும். இவளுக்கு சரியாயிடுச்சு," என்றார்.

மனைவிக்குக் கண் கலங்கியது. மகள் டாக்டரை விடுவதாக இல்லை.

"அப்போ அப்பாவுக்கு எப்ப சரியாகும்?"

"அப்பாவுக்கு என்னம்மா?"

"அப்பாவுக்கு நான் ஒத்துக்காது. என்னைத் தொட்டா அவருக்கு வீங்கிடும். அதான் கிட்டயே வரமாட்டாரு."

யாருக்கோ சளி பிடித்திருக்கிறது என்பதுபோல அதைச் சொன்னாள். மீசைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னிக்கு அது உங்க அக்கா பவுடர் இல்ல. நான்தான் ஆம்லெட் தின்னுட்டு வந்து முத்தம் குடுத்தேன்."

"இத்தனை வருஷமா சொல்லல?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

அவர் மகளின் முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடா கண்ணு. வா."

பிள்ளை உடனே வரவில்லை. "இருப்பா" என்றாள். கைக்குட்டையை எடுத்து, தன் உதட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அப்பாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே.