தூரிகையில் மிஞ்சிய சிவப்பு

கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மகள் லிப்ஸ்டிக்கைத் திறந்தாள். அந்த மெழுகு வாசனையில் விருத்தாசலத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்குப் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிற வேலை. நாள் முழுக்க உதடுகளைச் சிவப்பாக்குவாள். தன் உதட்டில் எதுவும் பூசியதில்லை. சித்தி கல்யாணத்தன்று, புதுத் தூரிகையால் லிப்ஸ்டிக்கைத் தொட்டு அவளுக்கு உதடு தீட்டியது அம்மாதான்.

"ஒன் மாநிறத்துக்கு ரோஸ் வேணாம்டி. செங்கல் கலருதான் எடுப்பா இருக்குது."

"உனக்கும்மா?" என்றேன். எனக்கு அப்போது பதிமூன்று வயது.

"மூணு புள்ள பெத்தவளுக்கு எதுக்குடி? பாக்குறவங்க சிரிப்பாங்க."

எல்லோரும் வேனில் ஏறிய பிறகு, மறந்த சீப்பை எடுக்க உள்ளே ஓடினேன். கண்ணாடி முன் நின்று, தூரிகையில் மிஞ்சியதைத் தன் உதட்டில் தீட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. கொஞ்சநேரம் தன்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள். நல்லாயிருக்குதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

"உனக்கும்மா?" என்று லிப்ஸ்டிக்கை நீட்டினாள் மகள். அன்றைய அம்மாவின் வயதுதான் இன்று எனக்கு. 'எனக்கு எதுக்குடி' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மொதல்ல ஆயாவுக்குப் போடு. அந்தச் செங்கல் கலரு."

நரைத்த தலையைப் பின்னிக்கொண்டிருந்த அம்மா கூச்சத்தோடு முகத்தைக் கொடுத்தாள். போட்டு முடித்ததும் அவள் கை முந்தானையைத் தேடியது. நான் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.