சனிக்கிழமைப் புகை

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய எங்கள் தெருவுக்குப் பின்னால் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. ஜன்னலே கிடையாது. ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்தோம். திறந்த முதல் சனிக்கிழமை காலையில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமிப் புகை கக்கின. மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த என் வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்புப் பொடி. கீழே என் தங்கை இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங்.

இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து வேலை பார்க்கும் செக்யூரிட்டி சிரித்தார்.

"அண்ணாத்தே, டீக்கடைல போனைக் காட்டி துட்டு குடுக்கறல்ல? அதெல்லாம் இங்க கீற மிஷினு வழியாத்தான் போவுது. கரண்டு ஒரு நிமிசம் நின்னா அல்லாம் நின்னுபூடும். அதான் வாராவாரம் ஜெனரேட்டரை ஓட்டிப் பாக்குறாங்கோ."

நான்காவது முறை போனபோதுதான் ஒரு அதிகாரி வெளியே வந்தார். மரியாதையான ஆள். "சார், இப்ப எல்லாரும் போன்லயே பணம் குடுக்கறாங்க. பேப்பர் இல்ல, பேங்க்குக்கு வண்டி எடுத்துட்டுப் போற வேலை இல்ல. நாட்டோட கார்பனை நாங்கதான் குறைச்சிட்டு இருக்கோம்" என்றார்.

"அப்ப என் தங்கச்சி மூச்சுல போறது இன்னா சார்?"

"அது கரண்ட் போனா பேக்கப்புக்கு மட்டும், சார்."

அத்தனை மிஷினையும் குளிரவைக்க ராத்திரி பகலாக ஏசி ஓடுகிறது, அந்தக் கரண்டுக்கு எங்கோ நிலக்கரி எரிகிறது. இதையெல்லாம் கோவையாகச் சொல்ல வாய் வரவில்லை. "பேக்கப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ரோஷத்தில் போனில் பணம் கொடுப்பதை நிறுத்தினேன். டீக்கடைக்காரர் சில்லறை இல்லை என்றார். ஷேர் ஆட்டோக்காரர் முறைத்தார். கரண்ட் பில் கட்டப் போனால் ஒரே ஒரு கவுன்டர், அதற்கு முன்னால் நீள வரிசை. ஐந்தாம் நாள் மருந்துக் கடையில் தங்கைக்கு இன்ஹேலர் வாங்கும்போது கையிலிருந்த பணம் போதவில்லை. வேறு வழியில்லாமல் போனை எடுத்து ஸ்கேன் செய்தேன். திரையில் ஒரு பச்சை இலை மின்னியது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றியதற்கு நன்றி என்று எழுதியிருந்தது. போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அப்புறம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, தெருவே சேர்ந்து கம்பெனிக்கு மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, எல்லோருடைய போனுக்கும் ஒரே செய்தியாக: "இன்று காலை பத்து மணிக்கு ஜெனரேட்டர் சோதனை. ஜன்னல்களை மூடி வைக்கவும்."

தங்கை அதை இரண்டு தடவை படித்தாள். "இதுக்காண்ணா இத்தினி நாளு அலைஞ்ச?" என்றாள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை ஒன்பது மணிக்கே அவள் முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் தோழி வீட்டுக்கு பஸ் ஏறிவிடுகிறாள். சாயங்காலம்தான் வருகிறாள். நான் வீட்டிலேயே இருந்து ஜன்னல்களைச் சாத்துகிறேன்.