நிவேதா ஓடாத ரிலே

1. இரண்டு ஜோடி ஸ்பைக்ஸ்

பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மிஸ்ஸாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. நாம் பயிற்சி கொடுக்கிற பிள்ளையின் மேலேயே நமக்குப் பொறாமை வரும். எனக்கு வந்தது.

அவள் பெயர் நிவேதா. ஒன்பதாம் வகுப்பு. முதல் நாள், வைட்ஃபீல்ட் ஆபீஸுக்குப் போகிற வழியில் அவள் அம்மா காரில் கொண்டுவந்து விட்டார். பையில் இரண்டு ஜோடி ஸ்பைக்ஸ், ஓடுவதற்கென்றே செய்த ஆணி வைத்த ஷூ. அவள் ஒரு சுற்று ஓடியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவள் வயதில் நானும் நானூறு மீட்டர் ஓடியவள்தான். இதே ஊர் ஈஜிபுராவில், அண்ணனின் கேன்வாஸ் ஷூவுக்குள் பழந்துணி திணித்துக்கொண்டு. என் அப்பா ஒரு ரேஸுக்குக்கூட வந்ததில்லை. இவளுக்கோ பிசியோவே தனியாக உண்டு.

அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பயிற்சி முடிந்ததும் ஹர்டில்ஸையெல்லாம் அவளே தூக்கிப் போய் ஸ்டோர் ரூமில் அடுக்குவாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவளைப் போலவே தலை பின்னிக்கொண்டு வந்தார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தவித்தேன்.

2. ஃபைனல் காலை

பள்ளிகளுக்கு இடையிலான மீட். ரிலே ஜெயித்தால் சாம்பியன்ஷிப் கப் எங்களுக்கு. நாலு பேரில் கடைசிச் சுற்று நிவேதா ஓட வேண்டும். வார்ம் அப் செய்துகொண்டிருந்தவள் திடீரென்று நின்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்தாள்.

"மிஸ், ஹாம்ஸ்ட்ரிங் இழுக்குது. நான் ஓடல."

பிரின்சிபல் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? ஒரே ரவுண்ட் தானே? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ஸ்ப்ரே அடிச்சா சரியாப் போயிடும்."

"சாரி சார். நான் நொண்டினா டீமே போச்சு. ரிசர்வ்ல இருக்கற ரேஷ்மா ஃபிட்டா இருக்கா, அவ ஓடட்டும்."

"எல்லாரும் உன்ன நம்பித்தானே வந்திருக்காங்க?"

"தெரியும் சார். எனக்கும் அழுகையா வருது. ஆனா ஓடல."

பார்வையை மட்டும் அவள் தாழ்த்தவில்லை.

பதினைந்து வயதில் என் கோச்சும் இப்படித்தான் ஸ்ப்ரே அடித்து "ஓடு" என்றார். வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடினேன். ஜெயித்தேன்கூட. அதோடு என் ஓட்டம் முடிந்தது. நிவேதாவின் ஸ்பைக்ஸுக்கும் காருக்கும் நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த "ஓடல" என்ற ஒரு சொல்லுக்குப் பட்டதுதான் பொறாமை.

பிரின்சிபல் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ஓடுவா."

உண்மை. நான் சொன்னால் ஓடியிருப்பாள். எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும் என்று ஒரு கணம் மனசு கேட்டது. நிவேதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சார். ரேஷ்மா பேரைக் கொடுத்துடறேன்" என்றேன்.

3. நான்காவது இடம்

நான்காவதாக வந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் பிரின்சிபல் என்னோடு பேசவில்லை. ரேஷ்மாவின் பெயரைக் கத்திக் கத்தி நிவேதாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கால் தேறி, அடுத்த சீசனில் ஸ்டேட் மீட்டில் ஓடி வெள்ளி வாங்கினாள்.

அந்த ரிலே முடிந்த வாரமே, ஆறாம் வகுப்பு ஜோயா கிரவுண்டில் என்னிடம் வந்து நின்றாள்.

"மிஸ், எனக்கு முட்டி வலிக்குது. வலிச்சா சொல்லணும்னு நிவேதா அக்கா சொன்னாங்க."

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அதுவரை நிவேதாவைத் தவிர ஒரு பிள்ளைகூட வலி என்று என்னிடம் வந்ததில்லை. எத்தனை பேர் மறைத்துக்கொண்டு ஓடினார்களோ! அவர்கள் வாயைத் திறக்க வைத்தவள் நானாக இருந்திருக்க வேண்டும். நான் இல்லை, நிவேதாதான். அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொறாமை நம் பாடு, இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளை வலிக்கிறது என்றால் உட்கார வைத்து, எங்கே என்று கேளுங்கள்.