பதினோரு மணிச் சங்கு

தேதிகள் விஷயத்தில் நான் ஒரு பயந்தாங்கொள்ளி. காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன்பே, தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு இன்று என்ன நாள் என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் வாசலைத் தாண்டமாட்டேன். தண்ணீர் தினம், தபால் தினம், தாய்மொழி தினம் எல்லாம் எனக்கு மனப்பாடம். குன்னூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பொது அறிவுப் போட்டி என்றால் என்னிடம்தான் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். இந்த வயதிலும் எவ்வளவு ஞாபகம் என்று அவர்களுடைய அம்மாக்கள் வியக்கிறார்கள். ஞாபகமாவது மண்ணாவது. எல்லாம் பயம்தான்.

அந்தப் பயம் என்னைப் பிடித்த நாளும் எனக்குத் தேதியோடு தெரியும். ஜனவரி முப்பது. அது தியாகிகள் தினம் என்று இந்தியாவில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். அப்போதெல்லாம் அன்று காலை பதினோரு மணிக்கு பாக்டரிச் சங்கை ஊதுவார்கள். எல்லோரும் இருந்த இடத்தில் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். மறுபடி சங்கு ஊதியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பர்லியார், ஊட்டி, பைக்காரா என்று லாரியில் ஏறி இறங்கி, தேவாலாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வந்து விழுந்தோம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு ஒன்பது வயது. தம்பி அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தான்.

வந்த நாளிலிருந்து அம்மா எனக்குப் பேச்சு மாற்றிக் கொடுத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போது, தலை வாரும்போது, எப்போதும் அதே பாடம்தான்.

"பாண்னு கேக்காத. ரொட்டின்னு கேளு. சீனிங்கிறது வாயில வரவே கூடாது, சக்கரை. தேத்தண்ணி இல்ல, டீ. காம்பரா இல்ல, பாடி. எங்க, சொல்லு பாப்போம்."

நான் ஒப்பிப்பேன். தோட்டத்து வரிசை வீட்டுக்கு அங்கே காம்பரா, இங்கே பாடி. எங்களுக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிச் சுடுவது. கடையில் வாங்குகிற பாணுக்கு அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. எதிர்த்துக் கேட்டால் தொடையில் கிள்ளு விழும். அங்கே கலவரம் வந்தபோது, வழியில் நிறுத்திப் பேசச் சொல்லி, வாயில் வந்த பேச்சை வைத்துத்தான் தமிழரா சிங்களவரா என்று பிரித்தார்கள். அதனால் அம்மாவுக்கு எந்த ஊரிலும் வாயைத் திறந்ததும் வெளியாள் என்று தெரிந்துவிடக் கூடாது. பேச்சைச் சரியாக மாற்றிக்கொண்டால் இங்கே யாரும் எங்களைத் தொடமாட்டார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அங்கே நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தம்பி அம்மா வயிற்றில் இருந்த சமயம். சாயங்காலம், ஊதவேண்டிய நேரமே இல்லாத நேரத்தில், பாக்டரிச் சங்கு ஊதியது. ஓடுங்கள் என்று அதற்கு அர்த்தம். சங்கு நின்றதும் லயத்து வீட்டு வரிசை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் ரோட்டைத் தாண்டி ஓடியபோது, தினமும் எங்களிடம் பேசிச் சிரித்த கடைக்காரர்கள் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேயிலைச் செடிக்கு மேலேதான் அடர்த்தி, அடியில் ஆள் படுக்க இடம் இருக்கும். அங்கே அம்மா என்னை மண்ணோடு அழுத்தி, என் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். விடிந்து எழுந்து போனபோது எங்கள் காம்பராவுக்குக் கூரை இல்லை.

தேவாலாவில் அந்த ஜனவரி முப்பதாம் தேதி தம்பிக்குச் சளி. இரண்டு மூக்கும் கட்டை போட்டதுபோல அடைத்துவிட்டது. பால் குடிக்க வாய் வைப்பான், மூச்சு முட்டி விட்டுவிடுவான், அழுவான். காலையிலிருந்து ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துத் துடைத்து என் விரல் ஊறிப்போயிருந்தது. அம்மா அவன் நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்த்தாள். அப்பா வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் மூவரும் தேவாலா பஜார் டிஸ்பென்சரிக்கு நடந்தோம். வழியெல்லாம் தம்பி வாயைப் பிளந்துகொண்டு, வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, அம்மா தோளில் கிடந்தான்.

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது அம்மா ஒரு டீக்கடையில் நின்றாள். ரோட்டோரக் கடை. பின்னாலேயே தேயிலைச் சரிவு. "நீ கேளு" என்று என் முதுகில் தட்டினாள். நான் முன்னால் போய், "ஒரு டீ, ஒரு ரொட்டி" என்றேன். கடைக்காரர் ஒன்றும் சந்தேகப்படவில்லை. "உக்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்ற ஆரம்பித்தார். அம்மா முகத்தில் அன்றுதான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

வேலைக்குப் போகிற நேரமும் இல்லை, விடுகிற நேரமும் இல்லை. அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கூடலூரிலிருந்து வந்த பஸ் நடுரோட்டில் நின்று இன்ஜினை அணைத்தது. மூட்டை தூக்கிக்கொண்டு போனவர் மூட்டையை இறக்கிவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். சங்கு ஓய்ந்தது. அத்தனை பெரிய பஜாரில் ஒரு பேச்சு இல்லை, ஒரு இருமல் இல்லை. எல்லோரும் நின்றார்கள். நின்று, எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது, எங்களைப் பார்த்தார்கள்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். கடைக்குப் பின்னால் ஓடினோம். மருந்துப் பாட்டில் விழுந்து உடைந்தது. கடைக்காரர் பார்த்தார். உள்ளங்கையை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினார். நில்லுங்கள் என்றுதான் காட்டியிருக்கிறார். சத்தம் போடாமல் ஒளிந்துகொள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். வேறு ஒருவரும் அசையவில்லை. இலங்கையில் அன்று கடைப்படியில் நின்றவர்களும் இப்படித்தான் அசையாமல் நின்றார்கள்.

முதல் வரிசை, இரண்டாம் வரிசை தாண்டி ஒரு செடிக்கு அடியில் நுழைந்தோம். அம்மா ஒருக்களித்துப் படுத்து, தம்பியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வலது கையால் அவன் வாயைப் பொத்தினாள். நான் எதிரில் அவன் முகத்துக்கு நேராகக் கிடந்தேன்.

அவன் மூக்கு அடைத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அதற்காகத்தானே அத்தனை தூரம் நடந்தோம். ஆனால் அவள் அந்த நேரத்தில் தேவாலாவில் இல்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். தம்பி கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். அவன் கால்கள் என் வயிற்றில் உதைத்தன, பலமாக, அவனுக்கு அவ்வளவு பலம் உண்டு என்று எனக்குத் தெரியாது. நான் அம்மாவின் விரலைப் பிரிக்கப் பார்த்தேன். அசையவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் இன்னும் அழுத்தினாள்.

அந்தப் பயத்தைச் சரியாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை. கத்தினால் அவர்கள் வந்துவிடுவார்கள், மூன்று பேரும் போய்விடுவோம். கத்தாவிட்டால் தம்பி போய்விடுவான். ஒன்பது வயதில் யாரிடம் கேட்பது? உதை குறைந்தது. பிறகு ஒரு கால் மட்டும் உதைத்தது. பிறகு அதுவும் என் வயிற்றின் மேல் சும்மா கிடந்தது.

நான் கத்திவிட்டேன். "அம்மா" என்று, என் உடம்பில் இருந்த மொத்த சத்தத்தையும் சேர்த்து. மௌனமாக நின்ற பஜார் முழுக்க அது கேட்டிருக்கும்.

அம்மா கண்ணைத் திறந்தாள். என் வாயைப் பொத்த அவளிடம் இருந்தது அந்த ஒரு கைதான். தம்பி வாயிலிருந்து எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினாள். கை முழுக்கத் தைல வாடை, தம்பியின் எச்சில். அந்தக் கைக்கு மேலே நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் திறந்திருந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. அவன் அழவில்லை. ஒன்றுமே செய்யவில்லை. பிறகு ஹக் என்று ஒரு மூச்சை இழுத்தான். இன்னொன்று இழுத்தான். மறுபடி சங்கு ஊதியது. அந்தச் சங்குக்கு நடுவில் அவன் அழ ஆரம்பித்தான்.

கிளையை விலக்கிக்கொண்டு கடைக்காரர் குனிந்தார். அம்மா படுத்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"நாங்க இந்த ஊருதாங்க ஐயா. இந்த ஊருதாங்க."

"சரிங்கம்மா, இந்த ஊருதானுங்க. மொதல்ல எந்திரிங்க. பையன எங்கிட்டக் குடுங்க" என்றார் அவர்.

கடையில் உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தார். அம்மாவுக்குப் பல் அடித்துக்கொண்டது. "எதுக்குங்க ஓடுனீங்க? இன்னைக்கு தேசப்பிதாவச் சுட்ட நாளுங்க, அதுக்குத்தான்" என்றார். சுட்ட என்ற சொல்தான் அம்மா காதில் விழுந்தது. "எங்கங்க சுட்டாங்க?" என்று மறுபடி எங்களை இழுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். கடைக்காரர் திரும்பி ஒரு முறை முறைத்ததும் சிரிப்பு நின்றது.

"இப்ப இல்லீங்கம்மா. அதெல்லாம் நடந்து முப்பது வருசம் ஆச்சு. வருசா வருசம் இந்த நாள்ல நெனச்சு நிக்கறதுங்க, அவ்வளவுதானுங்க."

நான் அவரிடம், "மாமா, வேற எந்த நாள்ல எல்லாம் சங்கு ஊதும்?" என்று கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். "வேற எதும் இல்ல கண்ணு. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு முட்டாய் குடுப்பாங்க. அதுக்கு பயப்படத் தேவையில்ல" என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் அவரை நம்பவில்லை. அன்று பிடித்த பழக்கம்தான் இந்தக் காலண்டர் பைத்தியம்.

தம்பியின் கன்னத்தில் நான்கு விரல் தடம் சிவந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு, "நீயே தூக்கிக்க" என்று என்னிடம் சொன்னாள். தோட்டம் வரை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் கொஞ்சம் தள்ளியே வந்தாள். சாயங்காலம் அப்பா கன்னத்தைப் பார்த்துக் கேட்டபோது, "செடி கீறிருச்சி" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஜனவரி முப்பது பதினோரு மணிக்கு மௌனம் கிடையாது. தம்பி சின்னவனாக இருக்கும்வரை அம்மா அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தாலும் தேடிப்போய்ப் பேச்சுக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்துக்கு அன்று அவனை அனுப்பமாட்டாள். இப்போது அவன் கோயம்புத்தூரில் வேன் ஓட்டுகிறான், அப்பா இல்லை, அம்மா என்னோடு குன்னூரில் இருக்கிறாள். சங்கு ஊதி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சங்கு தேவையில்லை. சரியாக அந்த நேரத்துக்குப் போனைப் போட்டுத் தரச் சொல்வாள். வருஷம் ஒருநாள் அம்மாவுக்கு என்னமோ ஆகிவிடுகிறது என்று தம்பி என்னிடம் சலித்துக்கொள்வான். வயசாயிருச்சில்ல என்பேன்.

இந்த வருஷமும் போட்டுக் கொடுத்தேன்.

"பேசுடா" என்றாள்.

"என்னத்தம்மா பேசறது? வண்டியில இருக்கறேன்."

"ஓரமா நிப்பாட்டிட்டு பேசு. வாய தொறந்து பேசு."

அவன் நிறுத்தினான். காலையில் தின்ற இட்லியைச் சொன்னான், வெயிலைச் சொன்னான், சொல்ல வேறு ஒன்றும் கிடைக்காமல், தன் குட்டிப்பையனுக்கு ரெண்டு நாளாகச் சளி என்றான்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூக்கு அடச்சிருக்கா?"

"ஆமாம்மா. வாயாலதான் மூச்சு விடறான்."

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் ஏதாவது பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"பக்கத்துல படுத்துக்க. வாய தொறந்து தூங்குறானான்னு பாத்துக்க. தூக்கத்துலகூட அவன் மேல கைய போட்டுறாத."

அவன் சரி என்றான். நான் போனை வாங்க அம்மாவிடம் கை நீட்டினேன். அவள் இடது கையால் கொடுத்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.